விரலில் ‘ஸ’, வாயில் ‘த’: பிரெய்ல் இசையைப் படிக்கத் தொடங்குவோருக்கு

எங்கள் ஆலயக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், நான் ஆல்ட்டோ, பெண் குரல்களில் கீழ்க்குரல். ஊர், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். சாவடியைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் நாலைந்து பேர் பாட வருவார்கள். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பல வருடம் எல்லாப் பாட்டையும் காதால் கேட்டுத்தான் படித்தேன். யாராவது ஓர் அக்கா தன் பங்கை ஃபோனில் பாடிப் பதிந்து அனுப்புவார். பஸ்ஸிலும் அடுக்களையிலும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வேன்.

ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில், மூன்றாம் வரியின் கடைசிச் சுரத்தை இரண்டு எண்ணிக்கை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தேன். நாலு வருடம் அப்படியே பாடினேன். அந்தப் பாட்டின் பிரெய்ல் பிரதி, அதாவது விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்துப் பிரதி, கைக்கு வந்த அன்று அந்த இடத்தில் விரலை வைத்தால், ஒரே ஓர் எண்ணிக்கைதான் சுரம். அடுத்து ‘வ’ எழுத்தின் வடிவத்தில் ஒரு குறி. அது ஓய்வுக் குறி. பதிந்து தந்த அக்கா அந்த இடத்தில் கொஞ்சம் இழுத்திருக்கிறார். அவருடைய இழுவையை நான் பாட்டின் பகுதி என்று நினைத்துப் படித்துவிட்டேன்.

காதால் படிக்கும்போது நமக்குக் கிடைப்பது இன்னொருவர் பாடியது. பாட்டை எழுதியவர் என்ன எழுதினார் என்று தெரியவேண்டுமானால் தாளைப் படித்தாக வேண்டும். அதுவும் ஆல்ட்டோ பாடுகிறவளுக்கு இது ரொம்பவே முக்கியம். முழுக் கொயர் பாடிய பதிவில் காது மேலே இருக்கும் மெட்டுக்குத்தான் ஓடும். மேல்குரலான சோப்ரானோவுக்கும் ஆண் குரலான டெனருக்கும் நடுவில் மறைந்து கிடக்கும் என் வரியைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. தாளில் அது தனியாக, தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளைப் பார்வையற்றவர்களும் படிக்கலாம், எழுதலாம் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. இசை சொல்லிக் கொடுப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. “உங்களுக்குத்தான் நல்ல காது இருக்கே, நோட்டேஷன் எதுக்கு?” என்று என்னிடம் அன்பாகவே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு புள்ளிக்குள் சுரமும் நீளமும்

லூயி பிரெய்ல் 1809-ல் பிறந்தவர். தன் புள்ளி எழுத்து முறையை 1829-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே, சொற்களோடு இசையையும் எழுதும் முறை என்று இருக்கிறது. பிரெய்ல் தானே பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். ஆகவே இசை இந்த எழுத்தோடு கூடவே பிறந்தது, பிற்பாடு யாரோ சேர்த்ததில்லை. 1888-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பல நாட்டவர் கூடி இசைக் குறிகளை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு நாம் பின்பற்றும் சர்வதேசக் கையேடு 1996-ல் வந்தது. ஜப்பானில் ஒருவர் எழுதியதைக் களியக்காவிளையில் நான் படிக்க முடிவது இதனால்தான்.

பிரெய்ல் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லூடோ விளையாடும் பகடையில் ஆறு விழுந்தால் எப்படி இருக்கும்? இடது பக்கம் மூன்று புள்ளி, வலது பக்கம் மூன்று புள்ளி. இடது வரிசைக்கு மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலது வரிசைக்கு 4, 5, 6 என்றும் பெயர். இந்த ஆறிடத்தைச் ‘செல்’ என்போம். எந்தப் புள்ளி மேடாக இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து 63 வடிவங்கள் கிடைக்கும். இருக்கும் சரக்கு அவ்வளவுதான். தமிழும் கணக்கும் இசையும் இந்த 63-க்குள்தான் அடங்க வேண்டும்.

அச்சில் உள்ள ஐந்து கோடுகளையும் சுரங்களையும் அப்படியே மேடாக அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். கண் ஒரு பார்வையில் உயரத்தை அளந்துவிடும். விரல் நுனிக்கு ஒரு நேரத்தில் ஒரு செல்தான் தெரியும். கோட்டுக்கு மேலா, இடையிலா, கீழா என்று தடவி அளந்துகொண்டிருந்தால் ஒரு வரி படிக்க ஒரு மணி நேரம் ஆகும். எனவே பிரெய்ல் இசையில் கோடு கிடையாது, உயரம் கிடையாது. எல்லாமே ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக ஒரே வரியில் ஓடும்.

இனி, ஒரு கட்டைச் சுருதியில் ஸ வைத்துக்கொள்வோம். கீபோர்டில் ‘சி’ என்று சொல்வார்களே, அதுதான் இந்தக் கட்டுரை முழுக்க ஸ. அதிலிருந்து வெள்ளைக் கட்டைகள் வரிசையாக ரி, க, ம, ப, த, நி.

செல்லின் மேல் நாலு புள்ளிகள், அதாவது 1, 2, 4, 5, இவைதான் சுரத்தின் பெயரைச் சொல்கின்றன. ஸ என்றால் 1-4-5. ரி 1-5. க 1-2-4. ம 1-2-4-5. ப 1-2-5. த 2-4. நி 2-4-5. அடியில் இருக்கும் 3, 6 இரண்டும் நீளத்தைச் சொல்கின்றன. இரண்டுமே இல்லாவிட்டால் அரை எண்ணிக்கை, குவேவர். 6 மட்டும் சேர்ந்தால் ஓர் எண்ணிக்கை, கிராட்செட். 3 மட்டும் சேர்ந்தால் இரண்டு எண்ணிக்கை, மினிம். இரண்டும் சேர்ந்தால் நாலு எண்ணிக்கை, செமிபிரீவ். ஒரே தொடுதலில் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று இரண்டும் தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டை முதலில் புரிந்துகொண்ட அன்று சந்தோஷத்தில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

ஏழு சுரம், நாலு நீளம், ஆக 28 வடிவம். அதைவிடச் சிறிய சுரங்களுக்கு என்ன செய்வது? அதே வடிவங்களைத் திரும்பவும் பயன்படுத்துகிறோம். நாலு எண்ணிக்கைக் குறியே கால் எண்ணிக்கைக்கும் வரும். குழப்பமாகாதா என்றால், ஆகாது. நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்றில், அந்தக் குறி நாலு முறை வந்தால் அவை நாலு நாலாக நீள முடியாது, பார் கொள்ளாது. இடத்தைப் பார்த்துப் பொருள் எடுத்துக்கொள்கிறோம். நம் தமிழில் ‘க’ ஒன்றையே ‘கல்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘தங்கம்’ என்பதில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறோமே, அதுபோல.

பழைய எழுத்து குறுக்கே வரும் இடம்

தமிழ் பிரெய்ல் தெரிந்தவர்களுக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். அதற்கான காரணத்தை எனக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மினிம் சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். த சுரம் 2-4, அதோடு 3 சேர்ந்தால் 2-3-4. தமிழ் பிரெய்லில் 2-3-4 என்பது ‘ஸ’ எழுத்து. நி சுரம் 2-4-5, அதோடு 3 சேர்ந்தால் 2-3-4-5, அது ‘த’ எழுத்து. க சுரம் 1-2-4, அதோடு 3 சேர்ந்தால் 1-2-3-4, அது ‘ப’ எழுத்து. ஆக, விரல் ‘ஸ’ என்று படிக்கும், வாய் ‘த’ பாட வேண்டும். விரல் ‘த’ என்று படிக்கும், வாய் ‘நி’ பாட வேண்டும். விரல் ‘ப’ என்னும், பாட வேண்டியது ‘க’. சின்ன வயதிலிருந்து ஸரிகமபதநி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதைவிடத் தொல்லை வேறு வேண்டாம்.

என்னிடம் சனிக்கிழமை தோறும் பாறசாலையிலிருந்து ஒரு பையன் படிக்க வருகிறான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பிரெய்லை மலையாளத்தில்தான் கற்றான். 1951-லிருந்து இந்திய மொழிகளுக்குப் பொதுவாக பாரதி பிரெய்ல் இருப்பதால், அவனுடைய ‘ஸ’வும் என்னுடைய ‘ஸ’வும் விரலுக்கு ஒன்றுதான். சிக்கலும் அதேதான்.

“அக்கா, இது ஸ-ன்னுதான் விரல் சொல்லுது. நான் த-ன்னு எப்படிப் பாடுறது?”

“எழுத்தா படிக்காத மக்ளே. மேல நாலு புள்ளிய மட்டும் தனியா தொட்டுப் பாரு. என்ன இருக்கு?”

“ரெண்டு, நாலு.”

“அது என்ன சுரம்?”

“த.”

“கீழ?”

“மூணு இருக்கு. அப்ப ரெண்டு எண்ணிக்கை.”

இதுதான் வழி. செல்லை முழு எழுத்தாக எடுக்காமல், மேல் பாதியும் கீழ் பாதியுமாக இரண்டு துண்டாகத் தொடுவது. ஆறு வாரம் தினமும் கால்மணி நேரம் செய்தால் விரல் பழகிவிடும். அப்புறம் இசைத்தாள் என்று தெரிந்தவுடனே எழுத்து மறைந்து சுரம் மட்டும் கேட்கத் தொடங்கும். அந்தப் பையனுக்கு ஐந்தாவது வாரத்திலேயே வந்துவிட்டது. மலையாளப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் சுரமாகக் கேட்கிறது என்று புகார் சொன்னான். அதுவும் நாலு நாளில் சரியாகிவிட்டது.

ஸ்தாயிக் குறி

சுரம் தெரிகிறது, நீளம் தெரிகிறது. எந்த ஸ்தாயி, அதாவது ஸ முதல் நி வரை போகும் எந்த அடுக்கு? அதற்குச் சுரத்துக்கு முன்னால் ஒரு குறி. பியானோவின் நடு ஸ-வில் தொடங்குவது நாலாம் ஸ்தாயி. அதன் குறி 5-ஆம் புள்ளி மட்டும். அதற்கு மேல் ஐந்தாம் ஸ்தாயிக்கு 4-6. கீழே மூன்றாம் ஸ்தாயிக்கு 4-5-6.

ஒவ்வொரு சுரத்துக்கும் இதைப் போட்டால் தாள் இரண்டு மடங்காகும், விரலும் சோர்ந்துபோகும். அதற்கு ஒரு விதி இருக்கிறது. பாட்டின் முதல் சுரத்துக்குக் குறி கட்டாயம். அடுத்த சுரம் பக்கத்துச் சுரமாகவோ ஒன்று விட்டு அடுத்ததாகவோ இருந்தால் குறி வேண்டாம், ஸ்தாயி மாறினாலும் வேண்டாம். நி-யிலிருந்து மேல் ஸ-வுக்குப் போனால் குறி இல்லாமலே புரியும். தாவல் பெரிதாக, ஆறு சுரமோ அதற்கு மேலோ இருந்தால், அதாவது ஸ-விலிருந்து த-வுக்கோ நி-க்கோ போனால், குறி கட்டாயம். நடுவில் இருக்கும் நாலு, ஐந்து சுரத் தாவல்களுக்கு மட்டும் யோசிக்க வேண்டும். ஸ்தாயி மாறினால் குறி போடு, மாறாவிட்டால் போடாதே. ஸ-விலிருந்து அதே ஸ்தாயி ப-வுக்கு ஏறினால் குறி இல்லை. அந்த ப-விலிருந்து மேல் ஸ-வுக்கு ஏறினால் குறி உண்டு. எழுதும்போது புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இந்த இடத்தில்தான்.

ஒரு பார் முழுதாக எழுதிப் பார்க்கலாம். நாலு எண்ணிக்கை, ஸ ரி க ப, ஒவ்வொன்றும் ஓர் எண்ணிக்கை. முதலில் ஸ்தாயிக் குறி 5. பிறகு 1-4-5-6, 1-5-6, 1-2-4-6, 1-2-5-6. அவ்வளவுதான், ஐந்து செல். பார் முடிந்ததற்குக் கோடு போடுவதில்லை, ஒரு செல் இடம் விட்டால் போதும். சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் ஷார்ப் 1-4-6, இறக்கும் ஃப்ளாட் 1-2-6, இரண்டும் சுரத்துக்கு முன்னால் வரும். ஓர் எண்ணிக்கை ஓய்வு 1-2-3-6, நான் முதலில் சொன்ன அந்த ‘வ’.

கீபோர்டு வாசிப்பவர்களுக்கு வலக்கை, இடக்கை என்று தனித்தனிக் குறிகள் உண்டு. கார்டு, அதாவது ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், வந்தால் எல்லாச் சுரத்தையும் எழுதுவதில்லை. ஒரு சுரத்தை எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனையாவது என்று குறி போடுவோம். வலக்கையில் மேல் சுரத்தை எழுதிக் கீழ்நோக்கி எண்ண வேண்டும். இடக்கையில் கீழ்ச் சுரத்தை எழுதி மேல்நோக்கி. ஸ-க-ப கார்டை வலக்கைக்கு எழுதினால் ப, அதன் பின் ‘மூன்றாவது’, ‘ஐந்தாவது’ என்ற இரண்டு குறிகள்: 3-4-6, 3-5.

படித்துக்கொண்டே வாசிக்க முடியுமா என்று கேட்பார்கள். பாடுகிறவர்களால் முடியும், விரல் ஓட வாய் பாடும். கீபோர்டுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் இடக்கையால் படித்து வலக்கையால் இரண்டு பார் வாசித்து, பிறகு கை மாற்றி, கடைசியில் இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறோம். மெதுவாகத்தான் போகும். ஆனால் அப்படிப் படித்த பாட்டு மறப்பதில்லை.

கம்ப்யூட்டர் எங்கே உதவுகிறது

முன்பெல்லாம் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகச் சொல்ல, நாம் பிரெய்ல் ஸ்லேட் என்ற கட்டம் போட்ட சட்டத்தில் தாளை வைத்து, ஸ்டைலஸ் என்ற ஊசியால் குத்துவோம். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்த வேண்டும், தாளைப் புரட்டினால்தான் சரியாக வரும். 1951-ல் வந்த பெர்க்கின்ஸ் பிரெய்லர் இயந்திரத்தில் ஆறு புள்ளிக்கு ஆறு கட்டை, குத்தியதை உடனே தொட்டுப் பார்க்கலாம். இரண்டையும் இன்றும் பயன்படுத்துகிறேன். ஒரு மெட்டு சட்டென்று மனதில் வந்தால் ஸ்லேட்டைத்தான் எடுப்பேன். அது சார்ஜ் கேட்காது.

ஆனால் நாற்பது பக்கப் பாட்டை ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இங்கேதான் மென்பொருள் வேண்டும். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும், பிடிஎஃப் ஆக அனுப்பினாலும், கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். அதில் சுரம் எது என்று, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது. மியூசிக் எக்ஸ்எம்எல் என்றொரு கோப்பு வகை இருக்கிறது, 2004-ல் வெளிவந்தது. அதில் ‘நாலாம் ஸ்தாயி ஸ, ஓர் எண்ணிக்கை’ என்று ஒவ்வொரு சுரமும் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கும். இசைத்தாள் எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த வகையில் சேமித்துத் தரும். ஆகவே உங்கள் கொயர் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: “பிடிஎஃப் வேண்டாம், மியூசிக் எக்ஸ்எம்எல்லாகச் சேமித்து அனுப்புங்கள்.” அவருக்கு அரை நிமிட வேலை. நமக்கு அது ஒரு பாட்டு முழுவதும்.

அந்தக் கோப்பை பிரெய்லாக மாற்றப் பல வழிகள் உண்டு. நான் பயன்படுத்துவது இரண்டு, இரண்டும் இலவசம். ஒன்று மியூஸ்ஸ்கோர். அது எல்லாரும் இசைத்தாள் எழுதப் பயன்படுத்தும் மென்பொருள்தான். அதில் பிரெய்லாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. நாலாம் தலைமுறைப் பதிப்புகளில், நாம் நிற்கும் பாரை அப்போதைக்கப்போதே பிரெய்லில் காட்டும் பேனலும் உண்டு. இன்னொன்று சாவோ மாய் பிரெய்ல், வியட்நாமில் பார்வையற்றோருக்காக இயங்கும் சாவோ மாய் மையம் உருவாக்கியது. வரி நீளம், பக்க நீளம் எல்லாவற்றையும் நம் விருப்பப்படி அமைக்கலாம். இவற்றோடு பேசுவதற்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், அதுவும் இலவசமே. அமெரிக்காவின் டான்சிங் டாட்ஸ் நிறுவனம் விற்கும் குட்ஃபீல் இந்தத் துறையில் பழையது. நான் பயன்படுத்தியதில்லை.

மாற்றிய கோப்பு பிஆர்எஃப் என்ற வகையில் வரும். இதை பிரெய்ல் பிரிண்டரில் கொடுத்துத் தாளில் எடுக்கலாம். இல்லாவிட்டால் பிரெய்ல் டிஸ்ப்ளேயில் படிக்கலாம். டிஸ்ப்ளே என்பது ஒரு வரி செல்கள் கொண்ட சின்னப் பெட்டி. உள்ளே ஊசி முனைகள் மேலே எழும்பி இறங்கிப் புள்ளிகளாகும். ஒரு வரி படித்து பட்டனை அழுத்தினால் அடுத்த வரி எழும்பும். நான் வைத்திருப்பது இருபது செல். பிஆர்எஃப் வழக்கமாக வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி என்று அமைந்திருக்கும். அப்படியே ஏற்றினால் ஒவ்வொரு வரியும் இரண்டாக உடைந்து, பார் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டிவரும். மாற்றும்போதே வரி நீளம் 20 என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் முறை நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு வரக்கூடாது. கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் ஸ்கிரீன் ரீடர் “கேள்விக்குறி, முக்காற்புள்ளி, டாலர்” என்று ஆங்கிலத்தில் படித்தது. பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டர் தம்பியிடம் காட்டினேன். “கோப்பு கெட்டுப்போச்சு அக்கா” என்று அழித்தேவிட்டான். கோப்பு கெடவே இல்லை. பிஆர்எஃப்பில் ஒவ்வொரு புள்ளி வடிவத்துக்கும் கீபோர்டின் ஒரு குறியைப் பதிலாக வைத்திருக்கிறார்கள். 1-4-5-6-க்குக் கேள்விக்குறி, 1-5-6-க்கு முக்காற்புள்ளி, 1-2-4-6-க்கு டாலர். அதாவது ஸ்கிரீன் ரீடர் படித்தது ஸ, ரி, க!

சரி, டிஸ்ப்ளேயை இணைத்தால் சரியாக வருமா என்றால், அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஸ்கிரீன் ரீடரின் பிரெய்ல் அமைப்பில் தமிழோ, சுருக்கெழுத்து ஆங்கிலமோ தேர்ந்தெடுத்திருந்தால், அது அந்த டாலரை எழுத்தில் எழுதும் டாலர் குறியாக மாற்றி, வேறு புள்ளிகளை எழுப்பும். இசை தாறுமாறாகிவிடும். இசைக் கோப்பு படிக்கும்போது மட்டும் ‘கம்ப்யூட்டர் பிரெய்ல்’ அட்டவணைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டிஸ்ப்ளே மெமரி கார்டிலிருந்து தானே படிக்கும் வகையாக இருந்தால் இந்த வம்பே இல்லை, கார்டில் போட்டுத் திறந்தால் போதும்.

இன்னொரு விஷயம், கொயரில் பாடுகிறவர்களுக்கு. ஞானப்பாட்டு நோட்டேஷனில் சோப்ரானோவையும் ஆல்ட்டோவையும் ஒரே ஸ்டாஃபில், அதாவது ஒரே ஐந்து கோட்டு வரிசையில், எழுதுவது வழக்கம். அதை அப்படியே மாற்றினால் ஆல்ட்டோவுக்குத் தன் சுரம் நேராகக் கிடைக்காமல் போகும். சோப்ரானோவின் ப, அதன் பக்கத்தில் ‘மூன்றாவது’ என்ற குறி. ப-விலிருந்து மூன்றாவது கீழே எது, க, என்று கணக்குப் போட்டுப் பாட வேண்டும். அடுத்த சுரத்துக்கு மறுபடி கணக்கு. பாட்டு ஓடிவிடும். எனவே மாற்றுவதற்கு முன்பே மியூஸ்ஸ்கோரில் குரல்களைத் தனித்தனி ஸ்டாஃபாகப் பிரித்துவிட வேண்டும். கார்டுகளைப் பிரித்துக் கீழ்க்கீழ் ஸ்டாஃபில் போடும் கட்டளை அதில் இருக்கிறது. பிரித்ததும் ஆல்ட்டோ வரியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். மேல் வரியில் பாட்டின் சொற்கள், அதன் கீழ் வரியில் சுரங்கள் என்று வரும். எனக்கு இது கிடைத்த நாளில்தான், பயிற்சிக்குப் போகும் முன்பே என் பங்கைப் படித்து முடித்து, அறையில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

அச்சுத்தாள் மட்டுமே இருந்தால் ஸ்கேன் செய்து சுரங்களை அடையாளம் காணும் ஆடிவெரிஸ் போன்ற மென்பொருள் உண்டு. நல்ல தெளிவான அச்சுக்குத் தேவலாம். பழைய ஜெராக்ஸ் பிரதி என்றால் ஷார்ப் போகும், ஓய்வு போகும். வந்ததைக் கீபோர்டு ஒலியில் ஓடவிட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும்.

காப்புரிமை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இந்தியச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டு, பார்வையற்றோர் படிக்கும் வடிவத்தில் பிரதி எடுப்பதற்கு அனுமதி தந்திருக்கிறது. இதே அனுமதிக்காகப் பல நாடுகள் 2013-ல் செய்துகொண்ட மராக்கேஷ் ஒப்பந்தத்தை முதலில் ஏற்று உறுதி செய்ததும் இந்தியாதான், 2014-ல்.

எழுதுவது

படிப்பது பாதிதான். எழுதவும் வேண்டும். கம்ப்யூட்டரின் சாதாரணக் கீபோர்டிலேயே பிரெய்லர்போல் எழுதலாம். நடு வரிசையில் எஃப், டி, எஸ் மூன்றும் 1, 2, 3. ஜே, கே, எல் மூன்றும் 4, 5, 6. ஒரு செல்லுக்கு வேண்டிய கட்டைகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் அழுத்தினால் அந்தப் புள்ளி வடிவம் வரும். இன்னொரு வழி, கம்ப்யூட்டரோடு இணையும் இசைக் கீபோர்டான மிடி கீபோர்டை இணைத்து மியூஸ்ஸ்கோரில் நேராக வாசித்தே சுரங்களை உள்ளிடுவது. நீளத்துக்கு எண் கட்டை, சுரத்துக்கு மிடி கட்டை. ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வரும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாம் எழுதியதை ஒருபுறம் பிரெய்லாகவும், இன்னொருபுறம் பார்வையுள்ளவர்கள் படிக்கும் ஐந்து கோட்டுத் தாளாகவும் எடுக்கலாம். நான் மெட்டுப் போட்ட பாட்டை என் கையாலேயே தாளாக்கி கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் கொடுக்கிறேன். முன்பு அவர் நான் பாடப்பாட எழுத வேண்டும். எழுதியது சரியா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

கர்நாடக இசைக்கு என்ன செய்வது என்று திருவனந்தபுரம் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். அங்கே சுரங்களை எழுத்தாகவே எழுதும் பழக்கம் இருப்பதால், பாரதி பிரெய்லில் ஸரிகமபதநி என்றே எழுதிக்கொள்ளலாம். ரி-க்கும் நி-க்கும் மட்டும் இரண்டிரண்டு செல் பிடிக்கும். அச்சில் சுரத்தின் தலைமேலும் காலடியிலும் புள்ளி வைத்து ஸ்தாயி காட்டுவார்கள். பிரெய்லில் தலைமேல் வைக்க இடமில்லை. நானும் அந்தப் பையனும் மேல் ஸ்தாயிக்கு முன்னால் 4-ஆம் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு முன்னால் 6-ஆம் புள்ளி என்று வைத்திருக்கிறோம். இது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. நீங்கள் வேறு மாதிரி வைத்தால் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவையுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு முறைகளையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள். ‘ஸ’ எழுத்து இந்தப் பக்கத்தில் ஸ-வாகவும் அடுத்த பக்கத்தில் இரண்டு எண்ணிக்கை த-வாகவும் இருந்தால் விரல் தவித்துப்போகும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை சின்னது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டின் எட்டு பாரை எடுத்து ஸ்லேட்டிலோ கம்ப்யூட்டரிலோ எழுதுங்கள். மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்கக் குறிகளில் இருக்கும். எழுதியதை மறுநாள் படியுங்கள். முடிந்தால் பிரெய்ல் இசை தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பி, எழுதியபடியே பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

பாறசாலைப் பையன் அப்படி எட்டு பார் எழுதிப் போன வியாழக்கிழமை அனுப்பினான். டிஸ்ப்ளேயில் படித்து, எழுதியபடியே ஃபோனில் பாடினேன். ஐந்தாம் பாரில் ப-வுக்கு அடுத்த ஸ, மேலே ஏறாமல் ஐந்து சுரம் கீழே இறங்கியது.

“ஐயோ அக்கா, அது மேல் ஸ!”

“நீ எழுதினத நான் பாடுறேன். ப-க்கும் ஸ-க்கும் நடுவுல என்ன வச்சிருக்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தாளில் விரல் தேய்வது மட்டும் கேட்டது.

“ஒண்ணும் வைக்கல. நாலு-ஆறு வைக்கணும்” என்றான்.